முன்மாரி, பின்மாரி, நடுவில் என் பிரசங்கம்

வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் ஆண்களுக்கு வேலை கிடையாது. மணி அடிப்பதிலிருந்து காணிக்கைப் பை நீட்டுவதுவரை எல்லாம் பெண்கள்தான். ஒரே நிறத்தில் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு நாங்கள் வரிசையாக உள்ளே போகும்போது, பாடகர் குழு ஆண்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காட்சிக்காகவே நான் ஒரு பெண்கள் ஞாயிறைக்கூட விட்டதில்லை.

ஆனால் அன்றைக்கும் பிரசங்கம் எங்களுக்கு வராது. அது ஐயரம்மாவுக்கு என்பது எழுதாத சட்டம். திருநெல்வேலிப் பக்கத்தில் நாங்கள் குருவானவரை ஐயர் என்றும் அவர் வீட்டம்மாவை ஐயரம்மா என்றும்தான் சொல்வோம். எனக்கு நினைவு தெரிந்து வந்த ஐயரம்மாக்களில் சிலர் வெளுத்து வாங்கியிருக்கிறார்கள். பலர், தலைமையிடத்திலிருந்து அச்சடித்து வருகிற செய்தியைத் தலை நிமிராமல் வாசித்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். வாசிக்கிறவருக்கும் தூக்கம் வரும், கேட்கிறவர்களுக்கும் தூக்கம் வரும்.

கடைசியாக மாற்றலாகி வந்த ஐயருக்குக் கல்யாணமே ஆகவில்லை. நல்ல மனிதர், சின்ன வயது. ஐயரம்மா இல்லாத கோயிலில் பெண்கள் ஞாயிறன்று யார் பேசுவது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. அந்தக் கமிட்டியில் பெண்கள் இரண்டே பேர், பெண்கள் சங்கத்துச் செயலாளர் அக்காவும் நானும். அக்கா விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொழிலாளி வீட்டில் பிறந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள், ஆனால் நினைத்ததை நடத்திவிடுவாள். நான் அதற்கு நேர்மாறு. வாய் முந்திக்கொள்ளும், நடத்தி முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

பொருளாளர் அண்ணாச்சிதான் ஆரம்பித்தார். ஆற்றுப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர், ஊரில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள்.

"அச்சடிச்சு வாரதை யாராவது ஒரு பொம்பள வாசிச்சாப் போதும்லா. என்னத்துக்கு வம்பு?"

அந்த 'யாராவது' எனக்குச் சுருக்கென்று தைத்தது. "வாசிக்கதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி. நான் பேசுதேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. அக்கா மட்டும் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி சண்டைக்கு வரவில்லை. அதுதான் இன்னும் மோசம். சரி, இந்த ஒருதடவை பேசட்டும், சரிப்பட்டு வரவில்லை என்றால் அடுத்த வருஷத்திலிருந்து பாளையங்கோட்டையிலிருந்து ஒரு ஐயரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார். மற்ற ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்கள் ஞாயிறன்று ஆண் வந்து பிரசங்கம் செய்வதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கணக்குத் தெளிவாகிவிட்டது. நான் சொதப்பினால் என் மானம் மட்டும் போகாது, அந்தப் பிரசங்கபீடமும் எங்கள் கையை விட்டுப் போய்விடும்.

எதைப் பற்றிப் பேசுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வேதத்தில் முன்மாரி, பின்மாரி என்று இரண்டு மழை வருகிறது. சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட நாளிலிருந்து எனக்கு அது எங்கள் ஊர்ச் சமாச்சாரம். தாமிரபரணிப் பாசனத்தில் யாரைக் கேட்டாலும் இரண்டு மழையைச் சொல்வார்கள். ஆனியில் மலையில் மழை பிடித்து, பாபநாசம் அணை நிறைந்து, கால்வாயில் தண்ணீர் வந்தால் கார் சாகுபடி. ஐப்பசியில் ஊர்மேலேயே அடித்துப் பெய்தால் அடுத்த போகம், பிசானம். முன்மாரி என்றால் கார், பின்மாரி என்றால் பிசானம். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? எங்கள் சபையில் ஒருவர் விடாமல் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் கார் சரியில்லை. தண்ணீர் பிந்தி வந்தது, பாதி வயல் தரிசாகக் கிடந்தது. அதனால் என் பிரசங்கம் தானாகவே அமைந்துவிட்டது: கார் போனால் போகட்டும், கடவுள் பிசானம் வைத்திருக்கிறார். வாழ்க்கையில் முதல் விளைச்சலை இழந்தவர்கள் இரண்டாவது விளைச்சலுக்குக் காத்திருங்கள். ஒரே சாயங்காலத்தில் எழுதி முடித்து வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் நன்றாக இருக்கிறது என்றார். கேட்டுக்கொண்டே முறுக்கு தின்றார் என்றாலும், நன்றாக இருக்கிறது என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் பாளையங்கோட்டையில் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருக்கிறவள். தொண்டை வலிக்க வாதாடுகிற வக்கீல், நீதிபதி ஆதாரம் எங்கே என்று ஒற்றை வார்த்தை கேட்டதும் கோட்டுப் பைக்குள் ஒன்றுமில்லாமல் கையை விட்டுத் துழாவுவதைத் தினமும் பார்க்கிறவள். எனக்குப் பின்னால் இரண்டு புத்தகமாவது நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அண்ணாச்சி நிச்சயம் ஏதாவது கேட்பார். கேட்டால் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும்.

"போன்ல தட்டுனா எல்லாம் வருமே, ஏட்டி" என்றார் வீட்டுக்காரர். வரத்தான் செய்கிறது. சபை வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் விளக்கம் விளக்கமாக வருகிறது, கீழே பூவும் புறாவும் போட்டு. யார் எழுதியது, எங்கே பார்த்து எழுதியது என்று ஒன்றும் இருக்காது. எங்கள் நீதிமன்றத்தில் இப்படி ஒரு சாட்சி வந்து, யாரோ சொன்னார்கள், நான் கேட்டேன் என்று சொன்னால் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதைச் சொன்னதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு முறுக்கைத் தொடர்ந்தார்.

பெண்கள் ஞாயிறுக்கு ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை காலையில் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போனேன். பள்ளிக்கூடங்கள் இருக்கிற தெருவில் கிறிஸ்தவப் புத்தகக் கடை ஒன்று உண்டு. திருமண அழைப்பிதழ் மாதிரி பார்க்கவும், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வாங்கவும் அதன் முன்பக்கம் மட்டும் போயிருக்கிறேன். பின்பக்க அறைக்குப் போனது அன்றுதான் முதல்தடவை. உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டேன். தரையிலிருந்து உத்தரம்வரை, ஒரே ஒரு புத்தகத்தைப் படிப்பதற்கு உதவும் புத்தகங்கள் அத்தனை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருஷமாக இதே தெருவில் பஸ் இறங்கி வேலைக்குப் போயிருக்கிறேன், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

பிரசங்கத்துக்குப் புத்தகம் வேண்டும் என்றேன். கடைக்கார அண்ணாச்சி எந்தப் புத்தகம் என்று கேட்கவில்லை. வீட்டில் என்ன மொழிபெயர்ப்பு வேதாகமம் இருக்கிறது என்று முதலில் கேட்டார். பழையதுதான், கல்யாணத்துக்குக் கொடுத்தது என்றேன். அவர் இரண்டு தடித்த புத்தகங்களில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்தார். அதற்கு ஒத்தவாக்கிய அகராதி என்று பெயர். வேதத்தில் வருகிற ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று அகர வரிசையில் இருக்கும். இன்னொன்று புது மொழிபெயர்ப்புக்கு உரியது. அதை வாங்கிக்கொண்டு போய்ப் பழைய வேதாகமத்தோடு வைத்துப் பார்த்தால் தேடுகிற சொல்லே கிடைக்காதாம். அப்படி மாற்றி வாங்கிப் போய், புத்தகம் தப்பு என்று திரும்பக் கொண்டுவருகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு என்றார்.

நான் உடனே 'மழை' எடுத்தேன். வந்து கொட்டியது. வேதம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற மழையெல்லாம் ஒரே பக்கத்தில், அதிகாரமும் வசனமும் போட்டு, சின்ன எழுத்தில். அலுவலகத்தில் ஒரு வழக்கின் பழைய கட்டுகளைத் தேடி நாள் முழுக்கத் தூசி தின்றவளுக்குத்தான் அந்தப் பக்கத்தின் அருமை தெரியும். இதை நான் வாங்குகிறேன் என்று மேசையில் தனியாக ஒதுக்கி வைத்தேன், வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயந்தவளாக. கடையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

எல்லாவற்றையும் வாங்க முடியாது, வாங்கினாலும் வைக்க அலமாரி கிடையாது. இரண்டு புத்தகம் என்று முடிவு செய்திருந்தேன். இன்னொன்று எது? சாட்சியைச் சோதிக்க வக்கீல்கள் வைத்திருக்கிற வழி ஒன்று உண்டு. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பார்கள். எனக்குப் பதில் தெரிந்த கேள்வி முன்மாரியும் பின்மாரியும். ஒவ்வொரு புத்தகத்திலும் அதே இடத்தைத் திறந்து பார்ப்பேன், எது ஒழுங்காகச் சொல்கிறதோ அதை வாங்குவேன் என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் எடுத்தது தங்க எழுத்துப் போட்ட விளக்கவுரை. கையில் தூக்கினாலே பயபக்தி வந்தது. நான் தேடிய இடத்தில், இரண்டு மழையும் ஆசீர்வாதத்தைக் குறிக்கும் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு ஆசீர்வாதத்தைப் பற்றி மூன்று பக்கம். மழை எப்போது பெய்தது, எதற்குப் பெய்தது, ஒன்றும் கிடையாது. வேறு இரண்டு இடங்களைத் திருப்பினேன். எனக்கே விளங்குகிற இடத்தில் பக்கம் பக்கமாக விளக்கம், நான் தடுமாறுகிற இடத்தில் நைசாகத் தாண்டிப் போயிருந்தார்கள். இந்த மாதிரி வக்கீல்களை எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியே மேலே வைத்துவிட்டேன்.

அடுத்தது வேதாகம அகராதி. சாதாரண அட்டை, ஒரு மூலையில் கரையான் தொட்ட அடையாளம்கூட இருந்தது. ஆளையும் ஊரையும் பொருளையும் வரிசையாகச் சொல்கிற புத்தகம். 'மழை' என்ற தலைப்பில் மாதவாரியாக ஒரு அட்டவணை போட்டிருந்தார்கள். நான் அதை வாசித்தேன். மறுபடி வாசித்தேன். பிறகு எழுந்து கடைக்கார அண்ணாச்சியிடம் போனேன்.

"அண்ணாச்சி, இந்தப் புத்தகத்துல தப்பு இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றாமலே, "எந்தப் புத்தகத்துலதான் இல்ல? அட்டை கசங்காம வச்சிருங்க" என்றார்.

தப்பு என்று நான் சொன்னது இதைத்தான். வேதத்தில் வருகிற அந்த நாட்டில் முன்மாரி பெய்வது ஏறக்குறைய நம் ஐப்பசியில். கோடையில் கல்லாகக் காய்ந்த மண்ணை அது இளக்கிக்கொடுக்கும், பிறகுதான் உழுது விதைப்பார்கள். நடுவில் குளிர்காலம் முழுக்க விட்டுவிட்டு மழை. கடைசியாக, ஏறக்குறைய நம் பங்குனியில், கதிரில் மணி பிடிக்கிற சமயத்தில் பெய்வது பின்மாரி. வெயில் காலத்தில் ஒரு சொட்டு இல்லை. இரண்டு மழை உண்டு, ஆனால் இரண்டு போகம் இல்லை. ஒரே வயல், ஒரே பயிர். முதல் மழை அதை முளைக்க வைக்கிறது, கடைசி மழை அதே பயிரைத் தேற வைக்கிறது.

அப்படியானால் காரும் இல்லை, பிசானமும் இல்லை. போனால் போகட்டும் என்று விட இரண்டாவது விளைச்சலும் இல்லை. பின்மாரி வராவிட்டால் முன்மாரியில் முளைத்ததுதான் கருகும். என் பிரசங்கம் காலை வாரிவிட்டது.

ஒரு சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது என்று வேதாகம நிலப்படங்கள் இருந்த பெரிய புத்தகத்தை இறக்கி மடியில் விரித்தேன். மலை, கடல், காற்று வருகிற திசை, மாதாமாதம் மழையின் அளவு எல்லாம் வண்ணத்தில் இருந்தது. அகராதி சொன்னதைத்தான் இதுவும் சொன்னது, வேறு ஆட்கள், வேறு வழியில். இன்னொரு விளக்கவுரை, மெலிந்தது, அதுவும் விதைப்பு, கதிர் என்று இரண்டே வரியில் சரியாகச் சொல்லியிருந்தது. மூன்று சாட்சிகள் ஒரே வாக்குமூலம். கூண்டில் நின்றது நான்தான்.

வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிடும்போது அடித்துக்கொள்ளுமே, அப்படி. ஒரு ஊரே தலைமுறை தலைமுறையாக ஒரு வசனத்தைத் தன் ஆற்றங்கரையில் வைத்தே படித்திருக்கிறது. இரண்டு மழையும் இரண்டு போகமும் உள்ள எங்களைப்போன்ற ஆட்களால்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். வானம் பார்த்த பூமிக்காரர்கள் செய்யமாட்டார்கள், அவர்களுக்கு இரண்டு போகம் ஏது? எனக்கு அதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கடைக்கார அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்போ எந்தப் புத்தகம் என்றார்.

கரையான் தொட்டதைத்தான் வாங்கினேன். என்னோடு ஒத்துப்போகிற புத்தகத்தைத் தேடிப் போனவள், என்னை மறுத்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பாபநாசம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. முன்னீர்பள்ளம் தாண்டுவதற்குள் ஒத்தவாக்கிய அகராதியில் மழையையும் மாரியையும் ஒவ்வொன்றாகப் பென்சிலால் தொட்டுக்கொண்டே வந்தேன். முன்மாரி வருகிற இடத்தில் பெரும்பாலும் பக்கத்திலேயே பின்மாரியும் வருகிறது, பிரிக்க முடியாத ஜோடியாக. இத்தனை வருஷம் கண்ணில் படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, பத்தமடையில் இறங்க வேண்டியவள், ஏதோ பரீட்சையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வெளியே பிசானத்துக்கு நாற்றங்கால் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும், எழுதி வைத்ததை வீட்டுக்குப் போய்க் கிழித்துப் போட வேண்டும் என்று முடிவே செய்துவிட்டேன்.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. பழைய பிரசங்கம் எல்லோருக்கும் பிடிக்கும், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், பிரசங்கபீடம் தப்பித்துவிடும். புதியதைச் சொன்னால் ஊரே நம்புவதைத் தப்பு என்று சொன்னவளாவேன், அதுவும் வயல் வைத்திருப்பவர்கள் முன்னால், நாற்று நடவே தெரியாத தட்டச்சர். அக்காவிடம் போய் இரண்டையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"பொய்யின்னு தெரிஞ்ச பொறவு அதைச் சொல்ல உனக்கு நாக்கு வருமா?"

வராது என்றேன். அப்போ என்னத்துக்கு என்கிட்ட கேக்க என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க எழுதினேன், அடித்தேன், பஸ்ஸில் வாய்க்குள் பேசிக்கொண்டு போனேன். நீதிமன்றத்தில் ஒரு வாக்குமூலத்தின் நடுவில் 'பின்மாரி' என்று தட்டச்சு செய்து, பக்கத்தை மறுபடி அடிக்க வேண்டி வந்தது.

ஞாயிறு காலையில் சேலை கட்டி, வரிசையாகப் போய், பாட்டுப் பாடி, நேரம் வந்ததும் பிரசங்கபீடத்தில் ஏறினேன். மேலே போனதும் கண்ணில் பட்டது ஒரு தாள். தலைமையிடத்திலிருந்து வந்த அச்சடித்த செய்தி, காற்றில் பறக்காமல் மேலே ஒரு பாட்டுப் புத்தகத்தைப் பாரமாக வைத்து, வாசிக்கத் தோதாக. கீழே முன்வரிசையில் பொருளாளர் அண்ணாச்சி என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடையில் மாட்டிக்கொண்டால் கைகொடுக்கட்டும் என்றுதான் வைத்திருப்பார், அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அப்போது எனக்கு வந்த கோபத்தில் பயம் போன இடம் தெரியவில்லை. தாளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் என் அகராதியை வைத்தேன்.

நமக்கு எத்தனை மழை என்று சபையைக் கேட்டேன். எங்கள் கோயிலில் பிரசங்கியார் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் வழக்கம் கிடையாது. ஆனால் மழை என்றதும் வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டு என்றார்கள். முன்மாரி எது என்றேன், கார் என்றார்கள். பின்மாரி, பிசானம். அண்ணாச்சி குரல்தான் எல்லாவற்றிலும் ஓங்கி வந்தது.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். போன சனிக்கிழமை வரைக்கும்" என்றேன்.

பிறகு அந்த அட்டவணையைச் சொன்னேன். ஐப்பசி, பங்குனி, ஒரே பயிர். கோயிலில் ஒரு சலசலப்பு ஓடியது. ஆண்கள் பக்கம் ஒருவருக்கொருவர் குனிந்து பேசிக்கொண்டார்கள். தூங்கினவர் ஒருவரும் இல்லை, அது எனக்குப் போதுமாயிருந்தது. பெண்களைப் பார்த்து மீதியைச் சொன்னேன். நம் ஊர்ப் பெண்களுக்கு எழுத்தும் படிப்பும் வந்தது முன்மாரி. எத்தனையோ பேர் பாடுபட்டு அதைப் பெய்ய வைத்தார்கள், நாம் முளைத்தோம். ஆனால் வாசிக்கத் தெரிந்த நாம் யாரோ அச்சடித்துக் கொடுத்ததையே வாசித்துக்கொண்டிருந்தால் கதிர் நிமிரும், மணி பிடிக்காது. உழுது போட்டு வேறு விதைக்க வேண்டியதில்லை. முளைத்தது நல்ல பயிர்தான், அதற்கு இன்னொரு மழை வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு அத்தனை சந்தோஷம்.

ஆராதனை முடிந்து இறங்கி வந்தால் வாசலில் அண்ணாச்சி நிற்கிறார். கையை ஆட்டிக் கூப்பிட்டார். அக்கா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

"அது கெடக்கட்டும் தங்கச்சி. பங்குனியில மழை அடிச்சா அறுப்புல நெல்லு சாஞ்சு முளைச்சிரும்லா? அதைப் போய் ஆசீர்வாதம்னு எப்படிச் சொல்லுதிய?"

தெரியாது அண்ணாச்சி, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சரி, பாத்துச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் ஒத்தவாக்கிய அகராதியை எடுத்தேன். மழையை விட்டுவிட்டு 'அறுப்பு' பக்கம் போனேன். வீட்டுக்காரர் சோறு வைத்துவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து அவரே சாப்பிட்டு முடித்தார். கிடைத்தது. அறுப்புக் காலத்தில் பெய்கிற மழைக்கு அங்கேயும் பயந்திருக்கிறார்கள், அது வேண்டாத மழை, ஜனங்கள் நடுங்கியிருக்கிறார்கள். பின்மாரி என்பது அறுப்புக்கு முன்னால், பால் பிடிக்கிற நேரத்தில் வருவது, அதோடு அவர்களுடையது கோதுமையும் வாற்கோதுமையும். அண்ணாச்சி கேட்டதில் நியாயம் இருந்தது, புத்தகத்திலும் நியாயம் இருந்தது.

அன்று சாயங்காலமே இரண்டு புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். முற்றத்தில் நாற்காலி போட்டு, வசனங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். அவர் தன் வேதாகமத்தில் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நான் அதிகாரத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன், பிடித்துவிட்டார், அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நான் எழும்பும்போது, வேதாகம அகராதி இங்கன இருக்கட்டும், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார். புத்தகம் திரும்பி வந்தபோது பக்கங்களுக்கு நடுவில் பாயிலிருந்து உருவின கோரைத் துண்டுகள் அங்கங்கே அடையாளமாக நீட்டிக்கொண்டிருந்தன. மழையை விட்டு எங்கெங்கோ போயிருந்தார்.

அடுத்த கமிட்டியில் பெண்கள் ஞாயிறு பேச்சு வந்தது. பாளையங்கோட்டை ஐயரை யார் கூப்பிடுவது என்று ஒருவர் ஆரம்பித்தார். அண்ணாச்சி கணக்குத் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எவரும் வர வேண்டாம். அச்சடிச்சு வாரதும் வேண்டாம். நம்ம பொம்பளைய பேசட்டும், நான் கேள்வி கேக்கணும்."

யார் பேசுவது என்று ஐயர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத அக்கா, நான் பேசுதேன் என்றாள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன்: தங்க எழுத்தைப் பார்த்து மயங்காதே, எல்லாப் புத்தகத்திலும் ஒரே இடத்தைத் திற, உனக்குப் புரியாத இடத்தைத் தாண்டிப் போகிற புத்தகத்தை வாங்காதே. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே ம் கொட்டினாள். உனக்கு எந்த இடம் என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றாள். இருபது வருஷப் பழக்கத்தில் அவள் என்னிடம் மறைத்த முதல் விஷயம் அதுதான்.

கடையில் பின்பக்க அறைக்குள் போனதும் அவள் என் கையை விட்டுவிட்டாள். தங்க எழுத்துப் புத்தகத்தை இறக்கி, எங்கேயோ ஒரு இடத்தைத் திறந்து, நின்றபடியே வாசித்தாள். மூடினாள்.

"இதுல இல்ல" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த புத்தகத்துக்குக் கையை நீட்டினாள்.